கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

என் மகன் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி ஒன்றில் ஆடுகிறான். ராயபுரம் பக்கம் ஒரு திடலில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி. கால்பந்து பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். த்ரோ-இன்னில் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதையே, நான் நடுவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திய பிறகு, என் மகன்தான் தலையைக் குனிந்துகொண்டு சொல்லிக் கொடுத்தான். ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோராகிய எங்களை நான் மூன்று ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பயிற்சியாளர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், நாங்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறோமோ அது திடலுக்குள் இறங்காமல் இருப்பதில்லை.

சென்ற ஆண்டு ஒரு போட்டியில் என் மகனை இடைவேளையிலேயே வெளியே அழைத்துவிட்டார்கள். வலது ஓரத்தில் ஆடும் பையனின் தந்தைதான் கோச்சிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நானாகவே முடிவு செய்து, வாட்ஸ்அப் குழுவில் குத்தலாக ஒரு வரி எழுதினேன். அவர் இரண்டு வரி எழுதினார். பிள்ளைகள் இருவரும் சண்டை போடவில்லை, முகம் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அடுத்த மூன்று வாரங்களும் வலது பக்கத்திலிருந்து என் மகனுக்கு ஒரு பந்துகூட வரவில்லை. கோச் என்னை ஓரமாக அழைத்து, "சார், கோளாறு பசங்க கால்ல இல்ல" என்றார். அன்றே அந்தத் தந்தையின் வண்டியருகே போய் நின்று, தேநீர் குடிக்க வருமாறு கேட்டேன். அவர் கோச்சிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை என்பது இரண்டாவது மிடறில் தெரிந்தது.

பெற்றோர் திடலுக்கு வராமலிருப்பதே நல்லது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வராதவர்களும் வீட்டில் பேசத்தான் செய்கிறார்கள், அதையும் பிள்ளைகள் கேட்கத்தான் செய்கிறார்கள்.

என்றாலும், பெற்றோர் நட்பு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது எவ்வளவு சிறிய வட்டம் என்பதையும் நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி முடியும்வரை நின்று, பிறகு தேநீர்க் கடையில் அரை மணி நேரம் பேச முடிந்தவர்கள் மட்டுமே அதில் இருந்தோம். நந்தனத்தில் நடந்த ஒரு போட்டிக்கு எங்கள் பிள்ளைகளை நான்கு கார்களில் நிரப்பிக்கொண்டு போனோம். காசிமேட்டுப் பையன்கள் மூவர் பேருந்து பிடித்து, மற்றவர்கள் உடலைச் சூடேற்றி முடித்த பிறகு வந்து சேர்ந்தார்கள், அதனால் முதல் பாதி முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். "அவங்க வீட்ல யாருக்கும் அக்கறையே இல்ல" என்று எங்களில் ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அந்த மூவரில் ஒருவனுடைய தாய், நாங்கள் திடலில் நிற்கும் அதே நேரத்தில் துறைமுகத்தில் மீன் ஏலத்தில் நிற்கிறார். தந்தை விசைப்படகில் போனால் கரை திரும்பப் பல நாட்களாகும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் கோடைப் பயிற்சியும் அந்த நாட்களில்தான் நடக்கிறது. இந்த ஆண்டு தடைக்காலம் தொடங்கியதும் அந்தத் தந்தை தினமும் எல்லோருக்கும் முன்பாகத் திடலுக்கு வந்தார். எந்தப் பையன் இடதுகால்காரன், எவன் தலையால் முட்டப் பயப்படுவான் என்பதெல்லாம் மகன் சொல்லக் கேட்டே அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி அழைத்துக் கைதட்டினார். மூன்று ஆண்டுகள் நின்ற எனக்கு அவர் மகனின் பெயரே சரியாகத் தெரியாது, பட்டப்பெயர்தான் தெரியும்.

இப்போது வேறு திடலில் நடக்கும் ஆட்டங்களுக்குக் கார்கள் இல்லை. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம் என்பது, கார் வைத்திருந்த எங்களுக்குத்தான் இவ்வளவு நாளும் தோன்றவில்லை. எல்லோரும் ஒரே பெட்டியில் போகிறோம். தோற்றுவிட்டுத் திரும்பும்போதும் யாரோ ஒருவருடைய தூக்குவாளியிலிருந்து எலுமிச்சைச் சாதம் பத்துப் பேருக்குப் போகிறது. அதிகம் வெளியே உட்கார நேரும் பையன்கள்கூட இந்தப் பயணத்தை விடுவதில்லை.

தடைக்காலம் முடிந்து அவர் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டார். போட்டிகளைக் கைப்பேசியில் படம்பிடித்து அவருக்கு அனுப்புவது என் வேலை. சென்ற முறை அவர் மகன் பத்து நிமிடம்கூட ஆடவில்லை என்பதால் அனுப்பத் தயங்கித்தான் அனுப்பினேன். கரை சேர்ந்ததும் அழைத்தார். கோல்கீப்பர் பையனின் விரல் வீக்கம் வற்றிவிட்டதா என்று கேட்டார்.