அப்பா வீட்டில்தான் இருந்தார்

வரிசையில் நின்ற பெரியவர் மயங்கி விழுந்த அந்த வீடியோவைப் பற்றி இனி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக எல்லார் பக்கத்திலும் ஓடுகிறது, பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். அவர் விழுந்ததைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது, அதற்குக் கீழே லைக்கை அள்ளிய அந்தக் கருத்து. “இந்த வெயில்ல, இந்த வயசுல எதுக்கு வெளிய வரணும்? வீட்ல இருந்தா என்ன?”

அங்கேயே ஒரு பதில் போட்டேன். கிடைத்த பட்டங்கள்: ‘கருணைக் கடல்’, ‘முதியோர் நலத்துறை அமைச்சர்’. ரொம்ப நன்றி. அமைச்சர் இப்போது கொஞ்சம் நீளமாகப் பேசப் போகிறார்.

வீட்டில் இருந்தால் என்ன என்று கேட்டீர்கள். 2021 ஜூன் கடைசியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தை ஒரு வெப்ப அலை தாக்கியது. லிட்டன் என்ற சின்ன ஊரில் 49.6 டிகிரி. அந்த மாகாணத்தில் 619 பேரை வெயில் கொண்டுபோனது. விசாரணை அறிக்கையில் இருக்கிறது, அவர்களில் 98 சதவீதம் பேருக்கு உயிர் போனது கட்டடத்துக்குள். மூன்றில் இரண்டு பங்கு பேர் 70 வயதும் அதற்கு மேலும். பாதிக்கு மேற்பட்டவர்கள் தனியாக வசித்தவர்கள். அதாவது, நீங்கள் சொன்னபடி சமர்த்தாக வீட்டிலேயே இருந்தவர்கள்.

வெயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொள்வதில்லை. பகலெல்லாம் சூடு குடித்த கூரை ராத்திரியெல்லாம் அதை அறைக்குள் கக்குகிறது. வெளியே காற்று ஆறின பிறகும் உள்ளே ஆறாது. பகலில் அறை 32 டிகிரிக்குக் கீழே, இரவில் 24க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 24 என்றதும் சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர் படுக்கிற அறையில் எத்தனை டிகிரி என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. போன வருடம் வரை.

போன வருடம் என் அப்பா வீட்டில்தான் இருந்தார். மாடி வீட்டில், தனியாக. நான் ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்வேன். வெளியூரில் இருக்கிற தம்பி ஒரு தடவை செய்வான். “தண்ணி குடிச்சீங்களாப்பா?” “குடிச்சேன்மா.” “வெளிய போகாதீங்க.” “போகலம்மா.” அவ்வளவுதான், கடமை முடிந்தது. ஒரு நாள் மத்தியானம் போனை எடுத்தவர், “அம்மா எங்க, இன்னும் காணோமே?” என்று கேட்டார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது சட்டைக்கு மேல் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஒன்றில். மேற்கு ஜன்னல் விரியத் திறந்து கிடக்க, அனல் நேராக அவர் மேல். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் நான் வாங்கி வைத்த தண்ணீர் பாட்டில்கள் நான்கு, பரேடுக்கு நிற்பதுபோல வரிசையாக. நான்கிலும் சீல் உடையவில்லை.

அந்தப் பாட்டில்களை நான் மறக்க மாட்டேன். ஏன் திறக்கவில்லை என்று நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கேட்டேன். விரல்களைப் பார்த்துக்கொண்டே, “திருக வரலம்மா” என்றார். முட்டி வீங்கிய விரல்கள். இதைப் போய் மகளிடம் எப்படிச் சொல்வது என்று இருந்திருக்கிறார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். குடித்தால் ராத்திரி எழுந்து போக வேண்டும், கழிவறை பதினான்கு எட்டு, இருட்டில் விழுந்துவிட்டால்? எண்ணி வைத்திருந்தார் மனிதர்.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். “தண்ணி குடிங்க” என்று சொல்வது உதவி ஆகாது. மூடியைத் தளர்த்தி, கையில் கொடுத்து, அவர் விழுங்குகிற வரை பக்கத்தில் நிற்பது உதவி. கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு போட்டு வைப்பது உதவி. “வீட்ல இருங்க” என்பது உதவியே இல்லை, நம் கையைக் கழுவிக்கொள்கிற வசனம்.

“பெரியவங்க அடம் பிடிப்பாங்க, சொன்னா கேக்க மாட்டாங்க” என்று வருவீர்கள், தெரியும். வயது ஏற ஏறத் தாகம் என்கிற உணர்வே மங்கிவிடும். உடம்பு காய்ந்திருக்கும், நாக்குக் கேட்காது. வியர்வை குறையும். சூட்டை வெளியேற்றத் தோலுக்கு ரத்தம் பாய வேண்டும், அந்த வேகமும் குறையும். சூடு ஏறுவதே சரியாகத் தெரியாது, அதனால்தான் அனலில் ஸ்வெட்டர். ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கிற நீர் மாத்திரை இருக்கிற நீரையும் இறக்கிவிடும். மனநலத்துக்கு, இதயத்துக்கு என்று கொடுக்கிற சில மாத்திரைகளும் உடம்பு சூட்டைச் சமாளிக்கிற விதத்தில் கை வைக்கும். (நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. வெயில் தொடங்கும் முன்பே டாக்டரிடம் மாத்திரைப் பட்டியலைக் காட்டிக் கேட்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பழுதானவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.) இத்தனையையும் சேர்த்து நாம் வைத்திருக்கிற பெயர் ‘அடம்’.

“அந்தக் காலத்துல ஏ.சி. இருந்துச்சா?” இல்லை. அடுத்த கேள்வி.

“ஃபேன் போட்டா போதாதா?” நல்ல கேள்வி, நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அறை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் சூட்டைத்தான் அள்ளி உடம்பில் வீசும். அதற்குக் கீழே இருந்தாலும், வியர்க்காத உடம்பில் ஃபேன் காற்றுக்கு வேலை கம்மி. கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் பலன் தெரியும். வெயில் விழுகிற பக்கத்து ஜன்னலைக் காலையிலேயே மூடித் திரை போட வேண்டும். வெளியே உள்ளைவிட ஆறின பிறகுதான் திறக்க வேண்டும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படட்டும். பக்கத்து வீட்டில், “வயசாச்சுல்ல, உளறத்தான் செய்வாங்க” என்றார்கள். தம்பி போனில், “காய்ச்சல் மாத்திரை குடு அக்கா” என்றான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது எதிர்முனையில் பேசிய பெண்தான், மாத்திரை வேண்டாம், ஸ்வெட்டரைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள், மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள் என்றார். காய்ச்சல் என்பது உடம்பு தானாக ஏற்றிக்கொள்கிற சூடு, அதை மாத்திரை இறக்கும். இது வெளியிலிருந்து ஏறின சூடு, மாத்திரைக்கு மசியாது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 40 டிகிரிக்கு மேல் இருந்தது. வெயில் நாளில் ஒரு பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அதை வயசின் கணக்கில் எழுதாதீர்கள், தயவுசெய்து. அது அவசரம்.

“எல்லாருக்கும் வேலை இருக்கு, உங்களைப்போல வீட்ல உக்காந்திருக்க முடியுமா?” என்று அங்கே ஒருவர் கேட்டிருந்தார். இது நியாயமான கேள்விதான், வேலையை விட்டுவிட்டு யாரும் உட்கார முடியாது. ஆனால் ஐயா, நான் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. நானும் வேலைக்குத்தான் போகிறேன். அப்பாவை இங்கே கூட்டிவந்த பிறகு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்து, அரை டம்ளர் கொடுத்து, துண்டை நனைத்துப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். யாராவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டியதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

2003 ஆகஸ்டில் பிரான்ஸில் நடந்ததைத் தேடிப் படித்துப் பாருங்கள். வெப்பத்தில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அது ஊரே விடுமுறைக்குக் கிளம்பிப் போகிற மாதம். பாரிஸில் யாரும் வந்து கேட்காத உடல்கள் மிஞ்சின. செப்டம்பர் தொடக்கத்தில் அவர்களில் 57 பேரை அடக்கம் செய்தபோது ஜனாதிபதி சிராக்கே வந்து நின்றார். அடுத்த வருடமே சட்டம் போட்டார்கள். தனியாக இருக்கிற முதியவர்களின் பெயர்ப் பட்டியலை நகராட்சி வைத்திருக்க வேண்டும், வெப்ப எச்சரிக்கை வந்தால் அவர்களைத் தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளை வேலை நாளாக்கி, அதில் வருகிற பணத்தை முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கு ஒதுக்கினார்கள். பிள்ளைகள் இருந்தும் பட்டியல் தேவைப்பட்டிருக்கிறது.

“நீயும்தானே போன்ல மட்டும் விசாரிச்சே, அப்புறம் எங்களுக்கு என்ன உபதேசம்?” இதை யாரும் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் முன் நானே எழுதிவிடுகிறேன். ஆமாம். மூன்று வேளையும் போனில்தான் இருந்தேன். அந்த நான்கு பாட்டிலையும் வாங்கிவந்து அடுக்கியது நான்தான். திறந்து தர வேண்டும் என்று தோன்றவில்லை. வரிசையில் விழுந்த பெரியவருக்காகப் பேச வந்து இதில் போய் நிற்கிறேன், தெரிகிறது. அவர் ஏன் அந்த வரிசைக்குத் தனியாக வந்தார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்றுதான் தொடங்கினேன். அவருக்குப் பதிலாக நிற்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவர் ஏன் வரப் போகிறார்?

தம்பி இதைப் படிப்பான். லைக் போட மாட்டான், படிப்பான். போன வாரமும் சொன்னான், “நான் தினமும் சொல்லிக்கிட்டுத்தானே அக்கா இருக்கேன்” என்று. சொல்கிறாய்டா, இல்லை என்று யார் சொன்னது. அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாயே, வரும்போது வாய் அகலமான, மூடி திருக வேண்டாத பாட்டில் இரண்டு வாங்கி வா. கனமில்லாததாக.