ஒரு சங்கிலித் தூரம்

முப்பத்தொரு வருடம் காணி அளந்து பிழைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு அளக்க ஒன்றுமில்லாமல் மட்டக்களப்பில், கல்லடி வீட்டில் சும்மா இருந்தபோது, தங்கச்சியின் மகன் என் லேப்டொப்பில் ஒரு உலகத்தை இறக்கித் தந்துவிட்டுப் போனான். "மாமா, இதுக்குள்ளயும் காணி இருக்கு, போய் அளங்க" என்றான். அவன் பகிடிக்குச் சொன்னான். நான் உண்மையாகவே அளந்தேன்.

செகண்ட் லைஃப் என்று பெயர். அமெரிக்காவில் லிண்டன் லாப் என்ற கம்பனி 2003இல் திறந்தது. நமக்கென்று ஒரு உருவம் எடுத்துக்கொண்டு உள்ளே நடக்கலாம், பறக்கலாம், ஆட்களோடு கதைக்கலாம். வீடு, மரம், சட்டை, நாய்க்குட்டி என்று உள்ளே இருப்பவற்றில் பெரும்பகுதியை அங்கே திரிகிற ஆட்களே செய்து வைத்திருக்கிறார்கள். நிலம் சதுரம் சதுரமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு சதுரம் 256 மீட்டருக்கு 256 மீட்டர். கணக்குப் போட்டால் 16 ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அதைத் துண்டாடும்போது 512 சதுர மீட்டர் என்று ஒரு அளவு வரும். நம்ம கணக்கில் அது 20 பேர்ச்சஸ். வீட்டு வளவு தேடி வருகிறவர்கள் இங்கே வழமையாகக் கேட்கும் அதே 20 பேர்ச்சஸ்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் என் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே நீங்கள் சாதாரணமாக எழுதுவது 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். குசுகுசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100 மீட்டர். 20 மீட்டர் என்றால் ஏறக்குறைய 66 அடி. 66 அடி என்றால் ஒரு சங்கிலி. பயிற்சிக் காலத்தில் வெயிலில் இழுத்துக்கொண்டு திரிந்தோமே, அந்த இரும்புச் சங்கிலி. மனுசர் ஒருவரோடு ஒருவர் கதைக்க ஒரு சங்கிலித் தூரம் போதும் என்று எங்கேயோ இருந்த கணினிக்காரர் முடிவெடுத்திருக்கிறார்கள். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நடந்த கதை. என்னைப் பார்த்து ஆசைப்பட்டு செகண்ட் லைஃபுக்குள் போய் வந்த இரண்டு பேர், "ஒண்டும் இல்ல அண்ணன், வடிவான இடம்தான், ஆனா ஒரு சனம் கதைக்குதில்ல" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர், "பொய் உலகத்தில வேற என்ன இருக்கும்?" என்று முடித்துவிட்டார். சோறு வந்ததால் நானும் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

தம்பிமாரே, நீங்கள் போனது சுற்றுலாப் போன மாதிரி. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். டெலிபோர்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, பட்டனை அழுத்தினால் நினைத்த இடத்தில் நிற்கலாம். முதல் இரண்டு கிழமையில் நாற்பது இடமாவது பார்த்திருப்பேன். பனி மலை, பழைய ஐரோப்பிய நகரம், வெளிச்சவீடு, ஒரு கடல். அந்தக் கடலுக்குள் தவறி நடந்தே போய்விட்டேன். அங்கே யாரும் மூழ்குவதில்லை, அடியில் மணலில் நடந்து திரியலாம். வாவிக்கரையில் பிறந்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள், இங்கேயும் பாடுகிறதா என்று காதைக் கூடக் கொடுத்துப் பார்த்தேன்.

ஆனால் நாற்பது இடத்திலும் ஆள் இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் கோயில் வீதி மாதிரி, எல்லாம் கட்டி வைத்திருக்கிறது, சனத்தைக் காணோம்.

அப்புறம்தான் வரைபடத்தைத் திறந்தேன். தொழில் புத்தி அவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறது. ஆள் நிற்கிற இடமெல்லாம் அதில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி நிறையக் குவிந்து கிடந்த ஒரு இடத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், பாட்டு அலறுகிறது, ஐம்பது பேர் ஆடுகிறார்கள், முக்கால்வாசிப் பேர் உருவத்தை ஆடவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் போல. யாரும் பதில் சொல்லவில்லை. புதிதாகப் போகிறவருக்கு நான் சொல்வேன்: நாலைந்து புள்ளி இருக்கிற இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்து நான் செய்த பிழைதான் இந்தப் பதிவின் மையம்.

மட்டக்களப்பில் புதிதாக ஒருவரைக் கண்டால் நாம் முதலில் என்ன கேட்போம்? "எந்த ஊர்? ஆர்ர புள்ள?" கொஞ்சம் வயதானவர்கள் என்றால் "என்ன குடி?" வரைக்கும் போவார்கள். தாய் வழியில் வருகிற குடி தெரிந்தால் போதும், சுற்றி வளைத்து ஏதோ ஒரு முறை கண்டுபிடித்துவிடுவார்கள். வெளியூர்க்காரருக்கு இது விசாரணை மாதிரித் தோன்றும். எனக்கு அது சோறு போட்ட கேள்வி.

மண்முனையில் பாலம் வருவதற்கு முன்னான காலம். பாதையில் ஏறி வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கு அளக்கப் போவோம். (வெளியூர் நண்பர்களுக்கு: பாதை என்றால் இங்கே ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) நிலைமை சரியில்லாத நாட்கள். முக்காலியும் கருவியுமாக ஒரு புது ஆள் ஊருக்குள் வந்தால் சனம் எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஊரில் மூன்று மணி நேரம் மருத மரத்தடியில் நின்றேன். யாரும் கிட்ட வரவில்லை, யாரும் விலகியும் போகவில்லை. கடைசியில் ஒரு ஆச்சி வேலிக்கு உள்ளே நின்றபடி, "நீ ஆர்ர மகன்?" என்று கேட்டா. சொன்னேன். அம்மாவின் ஊரைக் கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தா. "அப்ப நீ எனக்குப் பேரன் முறை, உள்ள வா" என்றா. சோறும் மீன் குழம்பும், கட்டித் தயிரும். மறுநாள் அந்த ஊரில் எனக்கு எல்லைக்கல் காட்ட நாலு பேர் முன்னுக்கு வந்தார்கள். அவ கேட்ட கேள்விதான் எனக்கு அந்த ஊருக்குள் பாஸ்.

அந்தப் பழக்கத்தோடு செகண்ட் லைஃபுக்குள் போனால்? ஒரு தோட்டத்தில் நின்ற ஒருவரிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மரியாதையாகத்தான் கேட்டேன். எந்த நாடு, என்ன வயது, ஆணா பெண்ணா, கலியாணம் கட்டியாச்சா. ஐந்தாவது கேள்வியை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் மறைந்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே. மூன்றாவது ஆள் மட்டும் நின்று, "இங்கே யாரும் அதைக் கேட்பதில்லை" என்று எழுதிவிட்டுப் போகாமல், விளக்கமும் சொன்னார். ஒருவர் தன் நிஜ வாழ்க்கை பற்றித் தானாகச் சொன்னால் சொன்னதுதான், அதை இன்னொருவர் வெளியில் பரப்புவதை அந்த உலகத்தின் விதிமுறையே தடுக்கிறது என்றார். போய் வாசித்தேன், சரிதான்.

வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. ஊரும் பேரும் கேட்காமல் ஒரு மனுசனோடு எப்படிப் பழகுவது?

இந்த வகை உலகங்கள் நேற்று வந்தவை இல்லை என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்று இரண்டு மாணவர்கள் படமே இல்லாமல், வெறும் எழுத்தால் ஒரு உலகம் செய்திருக்கிறார்கள். அந்த பார்ட்டில் 1996இல் இப்படிப்பட்ட இடங்களுக்கு வருகிறவர்களை நாலு வகையாகப் பிரித்தார்: வெல்ல வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், அடுத்தவரைத் தொல்லைப்படுத்த வருகிறவர். கலியாண வீட்டு நண்பர்கள் இரண்டாம் வகையாகப் போய்விட்டு மூன்றாம் வகைக்குரிய பலனை எதிர்பார்த்திருக்கிறார்கள். என் கருத்து அவ்வளவுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் போனது.

1990இல் லாம்டாமூ என்று இன்னொரு எழுத்து உலகம். அதில் புதிதாக வருகிறவர் முதலில் வந்து விழுவது ஒரு வீட்டில் கோட்டு மாட்டுகிற இருட்டு அலுமாரிக்குள். கதவைத் திறந்து வெளியே வந்தால் நேரே வரவேற்பறை, அங்கே ஆட்கள் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு நல்ல யோசனை! வந்தவரை முதலில் விறாந்தையில் இருத்த வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் இதைச் செய்திருக்க முடியும். இப்போதைய உலகங்கள் புது ஆளை ஒரு தீவில் இறக்கி, நடப்பது எப்படி, பறப்பது எப்படி என்று படிப்பிக்கின்றன. இருப்பது எப்படி என்று யாரும் படிப்பிப்பதில்லை.

நான் படித்தது ஒரு நெருப்புக்குப் பக்கத்தில். ஒரு சின்னக் காடு, நடுவில் விறகு எரிகிறது, சுற்றிவர மரக்குற்றிகள். நாலு புள்ளி. போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை, பயத்தில். நரி முகம் வைத்த ஒரு உருவம், "அந்தக் குற்றி சும்மாதான் கிடக்கு, இருங்க" என்று எழுதியது. குற்றியில் கிளிக் செய்து இருந்தேன். அவர்கள் ஏதோ சூப் வைப்பது பற்றிக் கதைத்தார்கள். அரை மணி நேரம் கழித்து நரி கேட்டது: "இன்றைக்கு எங்கெல்லாம் போய் வந்தீங்க?" கடலுக்கு அடியில் நடந்த கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். அவ்வளவுதான்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன். அந்த உலகத்தின் மணிக்கூடு கலிபோர்னியா நேரம். அங்கே பின்னேரம் மூன்றரை என்றால் நமக்கு விடியற்காலை நாலு மணி, குளிர்காலத்தில் ஐந்து. எனக்கு எப்படியும் அந்த நேரம் நித்திரை வராது. ஐந்தாவது நாள் நான் வந்து இறங்கவும், "சேவயர் வந்திட்டார்" என்று ஒருவர் எழுதினார். அன்றைக்குத்தான் அந்த ஆச்சியின் ஞாபகம் வந்தது. அவ அம்மாவின் ஊரைக் கேட்டு எனக்கு ஒரு இடம் தந்தா. இவர்கள் நான் திரும்பத் திரும்ப வந்ததைப் பார்த்துத் தந்திருக்கிறார்கள்.

அதனால், பொய் உலகம் என்று சொன்ன அண்ணனுக்கு: உருவம் பொய், நெருப்பு பொய், ஒத்துக்கொள்கிறேன். ஐந்து நாள் தொடர்ந்து நாலு மணிக்கு எழும்பியது பொய்யில்லை. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பகிடி பண்ணுவார்களே, அந்த நரி என்னைக் குற்றியோடு ஒட்ட வைத்துவிட்டது.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. பெண் உருவத்தில் போனால் தொல்லை கூட. மருமகள் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னாள். பிளாக் பண்ணுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஃபேஸ்புக் கம்பனியான மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற இன்னொரு உலகத்தில் பெண்கள் முறையிட்ட பிறகு, 2022 பெப்ரவரியில் ஒவ்வொரு உருவத்துக்கும் இடையில் ஏறக்குறைய நாலு அடி எல்லை போட்டார்கள். எல்லை போட்டுச் சண்டை தீர்ப்பது என் தொழில், அது வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். காசு விசயத்திலும் கவனம். செகண்ட் லைஃபுக்குள் புழங்குகிற காசு லிண்டன் டொலர், ஒரு அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 250. ஒன்று நம்ம ஒரு ரூபாயைவிடக் கொஞ்சம் கூட என்பதால் சட்டை 300 என்றால் மலிவு மாதிரித் தெரியும், கை தானாகப் போகும். முதல் மாதம் ஒரு சதமும் போடாதீர்கள். நான் இன்னும் ஓசிச் சட்டையோடுதான் திரிகிறேன். 20 பேர்ச்சஸ் ஆசை மட்டும் இருக்கிறது.

இன்று விடிய நெருப்பு அருகே ஒரு புது ஆள் வந்து நின்றது. பெயருக்குப் பின்னால் 'ரெசிடென்ட்' என்று இருந்தது, புதிதாகச் சேர்பவர்களுக்கு அங்கே கிடைக்கிற பொதுப் பெயர் அது. சரியாக ஒரு சங்கிலித் தூரத்தில் நின்று அங்கேயும் இங்கேயும் திரும்பிக்கொண்டிருந்தது. நரியைக் காணவில்லை. நான்தான், "அந்தக் குற்றி சும்மாதான் கிடக்கு, இருங்க" என்று எழுதினேன்.

தேத்தண்ணியோடு வந்த மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"ஆர் அது, புதுசா? எந்த ஊராம்?"

"கேக்கல்ல."

"இவ்வளவு நேரம் கதைச்சிட்டு, அதையும் கேக்காம என்ன கதைச்சீங்க?"

"இண்டைக்கு எங்கெங்க போய் வந்த எண்டு கேட்டன். கடலுக்குள்ள நடந்து போயிட்டுதாம்."