மருந்தியலாளரைப் பாராட்டும்போது எதைச் சொல்ல வேண்டும்?

மருந்தியல் துறையில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது வழங்கும்போது வாசிக்கப்படும் பாராட்டுரைகளை நான் கூர்ந்து கேட்பதுண்டு. வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகள், வகித்த பதவிகள், தலைமை தாங்கிய குழுக்கள் என்று அவை நீளும். அவையெல்லாம் உண்மையான உழைப்பின் பலன்தான். ஆனாலும், அவர் எதைத் தடுத்து நிறுத்தினார், யாரை உருவாக்கினார் என்ற இரண்டும் அந்த உரைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

மருந்தியலாளர் ஃபிரான்சஸ் கெல்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்த சில வாரங்களிலேயே தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை விற்க அனுமதி கேட்கும் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. 60 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் விண்ணப்பம் தானாகவே ஏற்கப்பட்டதாகிவிடும் என்பது அன்றைய விதி. தரவுகள் போதாது என்று அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். விண்ணப்பித்த மருந்து நிறுவனத்தின் நெருக்கடிக்கு இடம்கொடுக்கவில்லை. 1961 தொடக்கத்தில், அம்மருந்தை உட்கொண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு ஏற்படுவதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் வந்திருந்த கடிதத்தைப் படித்ததும், கருவில் உள்ள குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அந்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளுடன் பிறந்தார்கள்; அமெரிக்காவில் அந்த மருந்து அப்போது விற்பனைக்கே வரவில்லை. அவர் பெயரில் ஒரு புதிய மருந்துகூட இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததன்று. 1937இல் சல்பனிலமைடு என்ற தொற்றுநோய் மருந்து கலந்த ஒரு திரவ மருந்தால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, சிகாகோவில் மருந்தியல் பேராசிரியர் கெய்லிங்கின் ஆய்வகத்தில் கெல்சி மாணவி. கரைப்பானாகச் சேர்க்கப்பட்டிருந்த டைஎத்திலீன் கிளைகால்தான் நஞ்சு என்பதை நிறுவிய ஆய்வில் அவருக்கும் பங்குண்டு. கெய்லிங் ஜான் ஏபலிடம் பணியாற்றியவர். ஏபல் ஸ்ட்ராஸ்பர்கில் ஷ்மீடெபெர்க்கிடம் பயின்றவர். ஷ்மீடெபெர்க்கோ, 1847இல் தோர்பாத் (இன்றைய எஸ்டோனியாவின் தார்த்து) பல்கலைக்கழகத்துக்குச் சென்று மருந்தியலுக்கென்றே ஆய்வகம் அமைத்த புக்ஹைமின் மாணவர். ஐந்து தலைமுறை! தலைமைப்பண்பு என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது இந்தத் துறையில் இப்படித்தான் கைமாறி வந்திருக்கிறது. முனைவர் பட்டம் இல்லாத வேதியியலாளர் கெர்ட்ரூட் எலியனை 1944இல் பணியில் சேர்த்துக்கொண்டு, அவருடைய பொறுப்புகளைப் படிப்படியாக விரித்துக்கொடுத்த மருந்து ஆய்வாளர் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அப்படிப்பட்டவரே. 1988இல் இருவரும் ஜேம்ஸ் பிளாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆகவே, விருதுக் குழுக்களில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. பாராட்டுரை எழுதும் முன் விருது பெறுபவருடைய பழைய மாணவர்கள் நான்கு பேரிடம் பேசுங்கள். அவர் பாதியில் நிறுத்திய ஆய்வையும், கையெழுத்திட மறுத்த அறிக்கையையும் பற்றிக் கேளுங்கள். பதவிப் பட்டியலைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு, அவர் நிறுத்தியதற்கும் மறுத்ததற்குமான காரணத்தை மேடையில் சொல்லுங்கள்.

கெல்சிக்கு இது நடந்தது. 1962இல் அதிபர் கென்னடி அவருக்கு அளித்த விருது, தாலிடோமைடை உள்ளே விடாததற்காகவே வழங்கப்பட்டது. 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே அவர் பெயரில் ஒரு விருதை நிறுவி, முதல் விருதை 96 வயதில் இருந்த அவருக்கே வழங்கியது.