டெனிஸ் கோவனும் பழுப்பு நிறமும்

"காமிக்ஸை காமிக்ஸாப் பாருங்க, அதுல எதுக்கு நிறம், இனம் எல்லாம்?" இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல வாசகர்கள்தான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நிறத்தை யாரும் காமிக்ஸுக்குள் புதிதாகக் கொண்டுவந்து நுழைக்கவில்லை. அது அச்சு மையிலேயே இருந்தது. இதைப் பேச டெனிஸ் கோவனைவிடப் பொருத்தமான ஓவியர் எனக்குத் தெரியவில்லை.

நியூயார்க்கைச் சேர்ந்த கறுப்பினத்தவர். பதின்ம வயதிலேயே, டெத்லாக் என்ற காமிக்ஸ் நாயகனை உருவாக்கிய ஓவியர் ரிச் பக்லரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் பழகியவர். 1980களில் மார்வெல் என்ற பெரிய காமிக்ஸ் நிறுவனத்துக்காக 'பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட்' வரைந்தார். 1988இல் வந்த பிளாக் பாந்தர் குறுந்தொடரும் அவர் வரைந்ததுதான். நிறவெறி ஆட்சி நடக்கும் ஒரு கற்பனை நாட்டோடு பிளாக் பாந்தரின் நாடான வகாண்டா மோதுகிற கதை. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி இன்னும் விழாத காலம் அது.

ஆனாலும் அவர் பெயரை நிலைநிறுத்தியது மார்வெலின் போட்டி நிறுவனமான டிசியின் 'த க்வெஸ்டியன்'. 1987இல் தொடங்கியது, எழுத்து டென்னிஸ் ஓ'நீல். நாயகன் விக் சேஜ் வெள்ளையர். முகமூடி போட்டுவிட்டால் கண், மூக்கு, வாய் எதுவுமே இல்லாத வெற்று முகம். ஒரு ஓவியருக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. கோபம், தயக்கம், வலி எதையும் முகத்தில் காட்ட முடியாது. கோவன் அதையெல்லாம் தோளிலும் விரல்களிலும் கோட்டின் மடிப்புகளிலும் காட்டினார். அவர் இழுக்கும் கோடு வழவழப்பானது அல்ல, கீறியது போலச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு அடி விழுந்தால் அடித்தவன் உடம்பும் சேர்ந்து ஆடும். கறுப்பின ஓவியர் என்றால் கறுப்பின நாயகர்களை மட்டும் வரைபவர் என்று யாரும் அவரை ஒரு மூலையில் ஒதுக்கிவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, மைக்கு வருவோம். அச்சகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்காமல் விட மனமில்லை. அந்தக் கால அமெரிக்க காமிக்ஸில் சியான் (ஒருவகை நீலம்), மெஜந்தா (ஒருவகை இளஞ்சிவப்பு), மஞ்சள் என்று மூன்று வண்ண மை. ஒவ்வொன்றுக்கும் 0, 25, 50, 100 சதவீதம் என நான்கு அளவு. கலந்து பார்த்தால் மொத்தம் 64 நிறம். தாளோ மலிவான நியூஸ்பிரிண்ட். வெள்ளைத் தோலுக்குக் கொஞ்சம் மெஜந்தா, கொஞ்சம் மஞ்சள் போதும், வேலை முடிந்தது. கருந்தோலுக்கு மூன்று மையும் ஏற வேண்டும். தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும், நிறம் சேறாகக் கலங்கும், ஓவியர் பார்த்துப் பார்த்துப் போட்ட கறுப்புக் கோடுகள் அதற்குள் முங்கிவிடும். அதனால் கறுப்பினத்தவர் பலரும் ஒரே மாதிரிப் பழுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். 1963இல் 'சார்ஜன்ட் ஃப்யூரி' என்ற போர்க்கதை காமிக்ஸின் முதல் இதழில் கேப் ஜோன்ஸ் என்ற கறுப்பின வீரர் வெள்ளைக்காரர் நிறத்திலேயே அச்சாகி வந்தார். அச்சுக்காக நிறம் பிரித்தவர்களுக்கு அந்தப் படைப்பிரிவில் ஒரு கறுப்பினத்தவர் இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை போலிருக்கிறது.

1993இல் கோவன், எழுத்தாளர் டுவேன் மெக்டஃபி, மைக்கேல் டேவிஸ், டெரெக் டிங்கிள் எல்லாரும் சேர்ந்து மைல்ஸ்டோன் மீடியா என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது இதிலும் கை வைத்தார்கள். நோயெல் கிடிங்ஸின் பொறுப்பில் வண்ணங்களைக் கையால் தீட்டினார்கள். ஒரே கட்டத்துக்குள் நிற்கும் நான்கு கறுப்பினத்தவருக்கு நான்கு தோல் நிறம் கொடுக்க முடிந்தது. எனக்கு இதுதான் பிரதிநிதித்துவத்தின் முதல் படி. மேடைப் பேச்சுக்கும் முன்னால் மை கலக்கும் இடத்தில் நடக்க வேண்டிய காரியம் இது.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு குழுவில் ஒரே ஒரு கறுப்பின நாயகன் இருந்தால் அவன் தனி மனிதனாக இருக்கவே முடியாது. அவன் கோழையானால் இனமே கோழை என்று ஆகிவிடும். ஒரே ஒரு புத்தகம் போதாது, பல புத்தகங்களில் பலவிதமான ஆட்கள் வேண்டும் என்று மெக்டஃபி வாதாடியது இதனால்தான். மைல்ஸ்டோனின் 'ஐகான்' தொடரில் நாயகன் அகஸ்டஸ் ஃப்ரீமேன் பழமைவாத வக்கீல். அவனோடு சேரும் ராக்கெட் ஏழைப் பகுதியில் வளர்ந்த பதின்ம வயதுப் பெண், பிறகு குழந்தைக்குத் தாயாகிறவள். பறந்து போய் ஆட்களைக் காப்பாற்றும் நேரம் போக, இருவரும் அரசியல் பேசிச் சண்டை போடுகிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்தச் சண்டைக்காகவே அதைப் படிக்கலாம்.

கோவன் தானே வரைந்த 'ஹார்ட்வேர்' தொடர் இன்னும் கூர்மையானது. கர்டிஸ் மெட்காஃப் மேதை. முதலாளி எட்வின் ஆல்வா அவனைப் படிக்க வைத்து, வேலை கொடுத்து, அவன் கண்டுபிடிப்புகளில் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார். லாபத்தில் பங்கு கேட்டால், நீ வெறும் சம்பளக்காரன் என்கிறார். அவனோ ஆல்வாவின் பொருட்களையே எடுத்துக் கவசம் செய்து அவரை எதிர்க்கிறான். தாங்கள் உருவாக்கிய நாயகர்களின் உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தோடு வீடு திரும்பிய எத்தனையோ காமிக்ஸ்காரர்களின் கதையும் அதில் இருக்கிறது.

மைல்ஸ்டோன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அச்சும் விநியோகமும் டிசி பார்த்துக்கொண்டது. பதிப்புரிமையும் என்ன வரைவது, என்ன எழுதுவது என்ற முடிவும் இவர்களிடமே இருந்தன. பெரிய நிறுவனத்தோடு கை கோத்துவிட்டார்கள் என்று சுயாதீனக் கறுப்பினப் பதிப்பாளர்கள் சிலர் அப்போதே குற்றம் சாட்டினார்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் கடை கடையாகப் போய்ச் சேரும் விநியோகம் இல்லாமல் ஒரு பையன் கையில் புத்தகம் எப்படிப் போய்ச் சேரும்? மைல்ஸ்டோன் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

காமிக்ஸ் சந்தை சரிந்தது, 1997இல் காமிக்ஸ் வெளியீடு நின்றது. ஆனால் மைல்ஸ்டோனின் இன்னொரு காமிக்ஸான 'ஸ்டாட்டிக்' 2000 முதல் 2004 வரை கார்ட்டூன் தொடராக ஓடி, காமிக்ஸ் கடைப் பக்கமே போகாத பிள்ளைகளையும் எட்டியது. கோவன் அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர். மெக்டஃபி 2011இல் காலமானார். மைல்ஸ்டோன் 2021இல் திரும்ப வந்தபோது ஹார்ட்வேரை மறுபடியும் கோவனே வரைந்தார்.

ஒரு வெள்ளை நாயகன் வேடத்தில் கறுப்பின நடிகரைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது என்று இப்போது கொண்டாடுகிறார்கள். நானும் சந்தோஷமாகத்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பாத்திரம் யாருக்குச் சொந்தம், வருகிற பணத்தில் உருவாக்கியவருக்கு என்ன பங்கு என்றும் கேட்க வேண்டும். மைல்ஸ்டோன் இந்தக் கேள்விக்கான பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தது.

பழைய இதழ்களை டிசி தொகுப்பாக மறுபடி போட்டிருக்கிறது. ஹார்ட்வேரின் முதல் சில இதழ்களில் தொடங்குங்கள், அப்புறம் ஐகான். படித்தவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், ஆல்வாவைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.