ஐந்து நிமிட ரயிலும் ஒரு ராத்திரித் தங்கலும்

சிங்கப்பூரிலிருந்து ரயிலிலேயே பேங்காக் போகலாம் என்று ஆசையைக் கிளப்பியது நான்தான். அதற்காக என் மனைவியிடம் இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் இங்கே தஞ்சோங் பகார் நிலையத்தில் ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது கோலாலம்பூர். 2011 ஜூன் 30-உடன் அந்த நிலையம் மூடியது. 2015-இல் தொலைதூர ரயில்களும் எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவோடு நின்றுவிட்டன. இப்போது நமக்கு மிச்சம், சிங்கப்பூர் உட்லண்ட்சிலிருந்து பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாரு போகும் ஐந்து நிமிட ரயில். ஐந்தே நிமிடம்! அதற்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். வாரக்கடைசி என்றால் டிக்கெட்டே கிடைக்காது.

அப்புறம் கோலாலம்பூர். அங்கே இறங்கும்போது இருட்டிவிட்டது. வடக்கே போகும் வண்டி மறுநாள் காலைதான். ஆறு மணி நேரம் தூங்க ஓர் அறை, அதற்கு முழு நாள் வாடகை. நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று சொன்னேன். மனைவி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

மலேசிய-தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரில் இன்னொரு காத்திருப்பு. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். இது தெரிந்தும், டிக்கெட்டில் போட்டிருந்தது எந்த ஊர் நேரம் என்று குழம்பி, ஒரு மணி நேரம் முன்னாலேயே நடைமேடையில் போய் நின்றோம். கையில் ஆறிப்போன நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு).

அங்கிருந்து பேங்காக் போன படுக்கை வண்டி மட்டும் சொர்க்கம், அதை ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வந்தது விமானத்தில்.