சிங்கை நேசனைத் தேடி

சிங்கப்பூரில் 1887-இல் தொடங்கிய தமிழ் வார இதழ் சிங்கை நேசன். ஆய்வுக் கட்டுரைக்காக எங்கள் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் அதை நேற்றிரவு இரண்டு மணி நேரம் தேடினேன். தமிழில் தட்டினால் ஒன்றும் வரவில்லை. சரி என்று ஆங்கில எழுத்தில், 'எஸ்' (S) போட்டுத் தேடினேன். அப்போதும் 'முடிவுகள் இல்லை'.

அப்புறம் சீனியர் அக்கா ஒருவர் வாட்ஸ்அப்பில் சொன்னார்: "எஸ் வேணாம்மா, இங்கிலீஷ் 'சி' (C) எழுத்துல ஆரம்பிச்சுப் பாரு." உடனே வந்து நின்றது!

நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகளை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறைப்படி, அதாவது தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறைப்படி பதிவதுண்டு. அதில் சகரத்துக்கு எப்போதும் 'சி', ழகரத்துக்கு அடிக்கோடிட்ட 'எல்'. முறை ஒழுங்கானதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தேடல் பெட்டிக்குக் கீழே இதை ஒரு வரி எழுதி வைத்தால் என்ன? புத்தகம் அலமாரியில் இருக்கும்போதே இல்லை என்று நம்பி, ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொண்டாள் என் தோழி. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், தமிழில் தட்டினால் தமிழ்ப் புத்தகம் வர வேண்டாமா? வயிறு எரிகிறது.

நாளை, தமிழ் முரசு நாளிதழை 1935-இல் தொடங்கிய கோ. சாரங்கபாணியைத் தேட வேண்டும். அவரையும் 'சி'யில்தான் தேடிப் பார்க்கப் போகிறேன்.