மட்டைக்குத் தீ வைப்பதற்குப் பெயர் சுத்தமா?

இன்றைக்கும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் புகை வந்துவிட்டது. கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடி வந்து, மேற்குப் பக்கத்து ஜன்னல் மூன்றையும் சாத்தி, அம்மாவின் இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் வீடு முழுக்கத் தென்னை மட்டை கருகும் வாடை. அம்மாவுக்கு 72 வயது, இளைப்பு இருக்கிறது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் ஏறி இறங்க, ஒரு வாய் மூச்சுக்கு அவர் படும் பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாசி பிறந்ததிலிருந்து இது எத்தனையாவது நாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் தோட்டம் பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைப் பக்கம். இரண்டு ஏக்கர், 140 தென்னை. மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எங்களைவிடப் பெரிய தோட்டக்காரர். நல்ல மனிதர். நடுராத்திரியில் மோட்டார் நின்றுபோய்க் கூப்பிட்டாலும் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். அந்த முகத்துக்காகத்தான் இத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் தாங்க முடியாமல் வேலியோரம் போய்க் கேட்டேவிட்டேன்: "ஏனுங்கண்ணா, மட்டைய எரிக்காம இருக்க முடியாதுங்களா?" அவர் சொன்ன பதில்: "தோட்டத்தச் சுத்தம் பண்ண வேண்டாமா தம்பி? ஒரு தீக்குச்சில சோலி முடிஞ்சுருது."

சுத்தம். இந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. தென்னந்தோப்பு என்றால் கோயில் வாசல் மாதிரிக் கூட்டிப் பெருக்கி, செம்மண் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேர், மரத்தடியில் ஓலையும் சருகும் பரப்பிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன, காடு மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க" என்கிறார்கள். காடு தன் இலையைத் தானே தின்றுதான் வளர்கிறது. அதற்கு யாரும் மூட்டை மூட்டையாக யூரியா கொண்டுபோய்க் கொட்டுவதில்லை.

ஒரு தென்னை சராசரியாக மாதத்துக்கு ஒரு மட்டையைக் கழிக்கிறது. வருசத்துக்கு 12 என்று வைத்தாலும் எங்கள் 140 மரத்துக்கு 1,680 மட்டை. பாளை, பன்னாடை, உதிர்ந்த குரும்பை, உரிமட்டை எல்லாம் இதில் சேராது. காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தென்னை ஓலையை மண்புழு உரமாக்கும் முறையை எப்போதோ செய்து காட்டிவிட்டது. பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணம், அதற்கென்றே தேர்ந்தெடுத்த யூட்ரில்லஸ் வகை மண்புழு. மூன்று மாதத்துக்குள் உரம் கையில். போட்ட ஓலையின் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் உரமாகத் திரும்பி வரும். நம் ஊரிலேயே ஆழியார்நகரில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வண்டியில் போனால் அரை மணி நேரம். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் மட்டையைக் குவித்துக் கொளுத்திவிட்டு, மறுநாள் காலையில் கடைக்குப் போய் மண்புழு உரம் மூட்டை என்ன விலை என்று கேட்கிறார்கள். கேட்பதை என் கண்ணால் பார்த்தேன்.

"சாம்பலும் உரம்தானே" என்பார்கள். கொஞ்சம் சாம்பல் சத்து மிஞ்சும், இல்லையென்று சொல்லவில்லை. தழைச்சத்து புகையோடு போய்விட்டது. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கிற அந்தக் கரிமச் சத்தும் போய்விட்டது. மிஞ்சிய சாம்பலைக் காற்று பாதி அள்ளிக்கொண்டு போகும், முதல் கோடைமழை மீதியை வாய்க்காலில் சேர்க்கும். தீ எரிந்த இடத்தில் மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. தென்னையின் சல்லிவேர் ஒன்றும் பாதாளத்தில் ஓடவில்லை, மரத்தைச் சுற்றி மேல் மண்ணிலேயே பரவியிருக்கிறது. அதன் தலைமாட்டில்தான் தீ வைக்கிறார்கள். நேற்று உச்சி வெயிலில் எங்கள் மரத்தடியில் பரப்பிய ஓலை மூடாக்கை விலக்கி விரலை விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது, மண் விரலில் ஒட்டியது, ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது. வேலிக்கு அந்தப் பக்கம் கை நீட்டித் தொட்டால் தோசைக்கல்.

இது அவர் மண், அவர் பாடு என்று விட்டுவிடலாம். விட முடியாத காரணம் வேறு.

வேர் வாடல் நோய் எங்கள் பக்கத்துத் தோட்டங்களை என்ன பாடு படுத்திவிட்டது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் தோட்டத்திலும் பதினோரு மரம் வெட்டினார்கள். வெட்டியது சரி. வெட்டிய தண்டுகளை அப்படியே உருட்டி எங்கள் வேலியோரம் போட்டார்களே, அதுதான். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தண்டு நனைந்து ஊறி உளுத்துப்போய்க் கிடக்கிறது. நான் மூன்று வருசத்துக்கு முன்னால் வைத்த முப்பது கன்று, அந்த வேலியிலிருந்து இருபதடி தூரத்தில்தான் நிற்கிறது.

ஐப்பசியில் ஒரு கன்றின் குருத்து விரிந்தபோது, ஓலையெல்லாம் கத்தரிக்கோலால் முக்கோணம் முக்கோணமாக வெட்டினாற்போல இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அடிவயிறு கலங்கிவிட்டது. காண்டாமிருக வண்டு. குருத்தின் அடியில் ஓட்டை, ஓட்டை வாயில் மென்று துப்பிய நார்ச்சக்கை. கம்பியை விட்டுக் குத்தி இழுத்தால், ஒற்றைக் கொம்போடு கரேலென்று ஒரு வண்டு வந்தது. ஒன்றா இரண்டா, அந்த மாதம் ஒன்பது. நாலு கன்றுக்கு நடுக்குருத்தே போய்விட்டது. அந்த நாலும் இனித் தேறாது. வண்டு போட்ட காயத்தைத் தேடிக்கொண்டு பின்னாலேயே சிவப்புக் கூன்வண்டு வரும். அது உள்ளே இறங்கினால் பெரிய மரத்தையே சாய்த்துவிடும்.

காண்டாமிருக வண்டு எங்கே பெருகுகிறது தெரியுமா? உளுத்த தென்னந்தண்டிலும், கிளறாமல் போட்ட எருக்குழியிலும்தான். முட்டையிடுவது அங்கே, புழு வளர்வது அங்கே. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் வேலியோரத் தண்டில் ஒன்றை நெம்பிப் பிளந்தேன். ஈரப் புகையிலை மாதிரி உதிர்ந்தது. உள்ளே, கட்டைவிரல் பருமனில், வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகச் சுருண்டு கிடந்த புழுக்கள். மூன்றடி நீளத்துக்குள் முப்பத்தேழு எண்ணினேன். இப்படிப் பதினோரு தண்டு கிடக்கிறது. நாலைந்து மாதம் தின்று கொழுத்து ஒவ்வொன்றும் வண்டாகிப் பறந்தால் எங்கே போகும்? வேலி தாண்டி இருபதடிதானே!

உரமாகக்கூடிய ஓலையை ஒரு நாள்கூடத் தங்க விடாமல் எரிக்கிறார்கள். உடனே அப்புறப்படுத்த வேண்டிய தண்டை இரண்டு வருசம் போட்டு வைக்கிறார்கள். நல்ல தண்டாக இருந்தால் அறுத்துச் சட்டம் ஆக்கியிருக்கலாம். இல்லையென்றால் வெட்டிய சூட்டோடு பிளந்து காயவைத்துச் செங்கல் சூளைக்குக் கொடுத்திருக்கலாம். கண்ணில் படாத ஓரத்துக்கு உருட்டிவிட்டால் அதுவும் சுத்தம் ஆகிவிட்டதாக்கும்!

என் எருக்குழியிலும் அந்தப் புழு வரும். அதை மறைக்கவில்லை. அதனால்தான் குழியை மாதம் ஒருமுறை கிளறிவிடுகிறேன், அகப்பட்ட புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறேன், அந்தப் புழுவைக் கொல்கிற மெட்டாரைசியம் பூஞ்சையைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறேன். பச்சையாகப் பூத்துச் செத்துக் கிடக்கிற புழுவைப் பார்த்தால் மருந்து பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்துப் பானையில் வைத்தால் வண்டும் வந்து விழும். இத்தனையும் செய்து என்ன பிரயோசனம், வேலிக்கு அந்தப் பக்கம் பண்ணையே வைத்து வளர்க்கும்போது?

அந்தத் தீக்குள் ஓலை மட்டும் போவதில்லை. ஓட்டை விழுந்த சொட்டுநீர்க் குழாய், உடைந்த பி.வி.சி. பைப், உரச் சாக்கு, பிஸ்கட் கவர் எல்லாம் அதே குவியலில் போகிறது. பி.வி.சி. எரிந்தால் வருவது வெறும் புகை இல்லை, அமில வாயுவும் டையாக்சின் என்கிற நச்சும். குழாய்களைச் சுருட்டிக் கொட்டகை ஓரம் கட்டி வைத்தால் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போவார், காசு வேறு கொடுப்பார்.

பூச்சிமருந்து பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மதகில் போய்ப் பாருங்கள், விஷம் என்று எச்சரிக்கிற மஞ்சள் முக்கோணம், சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில்களாக ஒதுங்கிக் கிடக்கும். போன வருசம் எங்கள் தோட்டத்துக்குக் காய் போட வந்த ஆள் ஒருவர், வாய்க்கால் கரையில் கிடந்த பாட்டிலின் கழுத்தை அரிவாளால் அறுத்து, அதில் தண்ணீர் மொண்டு முகம் கழுவப் போனார். பாய்ந்துபோய்ப் பிடுங்கி எறிந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, முக்கோணத்தின் அர்த்தமும் தெரியாது. காலி மருந்து டப்பாவை யாரும் மறுபடி எடுக்க முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் வருசத்துப் பூச்சிமருந்து விதியிலேயே இருக்கிறது. மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, பாட்டிலில் ஓட்டை போடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகுமா? விற்கும்போது வாசல் வரை வந்து கொடுக்கிற கடைக்காரர் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டாராம்.

சரி, ஊராட்சியில் சொல்லலாம் என்று போனேன். தோட்டக் குப்பை அவர்கள் கணக்கில் வராதாம். வீட்டுக் குப்பை கணக்கில் வருகிறதே, அது என்ன ஆகிறது? மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அம்மா இரண்டு வாளியில் பிரித்துப் போடுகிறார். வண்டி தள்ளி வருகிற தூய்மைக் காவலர் அக்காவும் பிரித்துத்தான் வாங்குகிறார். அவர் வாங்கிப் போனது குளத்தங்கரையில் ஒரே இடத்தில் விழுந்து, வாரம் ஒரு முறை எரிகிறது. அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. கொட்ட இடம் காட்டாதவர்கள் மேல்தான் கோபம். குப்பையைத் தெருவிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது, எரிக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லியிருந்தன. தோட்டக் கழிவை அவரவர் இடத்தில் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. எங்கள் ஊரில் ஒருவராவது கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை. எனக்கும் கிடைப்பதில்லை. 1,680 மட்டையைக் கையால் நறுக்கச் சொன்னால் யாரும் ஓடிவிடுவார்கள். அதற்குத்தான் டிராக்டரில் மாட்டித் தூளாக்குகிற இயந்திரம் இருக்கிறதே. நாங்கள் வருசத்துக்கு இரண்டு தடவை வாடகைக்குக் கூப்பிடுகிறோம், ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. பத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து கூப்பிட்டால் வண்டி வந்து போகிற செலவும் பங்காகிவிடும். மூன்று வருசமாக ஒவ்வொரு களத்திலும் போய்ச் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறார்கள், சாயங்காலம் தீ வைக்கிறார்கள்.

"குவிச்சு வெச்சாப் பாம்பு அடையும்" என்பது இன்னொன்று. முழு மட்டையை வீட்டு ஓரம் அடுக்கினால் அடையும்தான், பயப்பட வேண்டியதுதான். தூளாக்கிவிட்டால் சந்து பொந்து இருக்காது. குவியலை வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, மேடான நிழலில் வைக்கிறேன். ஓலைத் தூள் ஒரு அடுக்கு, சாணிக் கரைசல் ஒரு அடுக்கு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஈரத்துக்கு அதுதான் கணக்கு. ஐந்தாம் நாள் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு. களை விதை அந்தச் சூட்டில் வெந்துவிடும். சூடு அடங்கினதும் மண்புழு. அம்மாவே சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீர் தெளிப்பார், புகை இல்லாத நாட்களில்.

அண்ணா, இதை உங்கள் பையன் போனில் காட்டுவான் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக்குத் தூளாக்கும் வண்டி வருகிறது. உங்கள் மட்டையை எல்லாம் வேலியோரம் போட்டுவிடுங்கள், வாடகையை நான் கொடுத்துவிடுகிறேன். தூளில் பாதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினோரு தண்டையும் பிளக்க மரம் அறுக்கும் ஆளைக் கேட்டு வைத்திருக்கிறேன், அந்தக் கூலியும் என்னுடையது. ஞாயிறு வரைக்கும் ஐந்து சாயங்காலம் இருக்கிறது. அந்த ஐந்து நாள் மட்டும் தீ வைக்காதீர்கள். அம்மா இப்போதுதான் கொஞ்சம் கண் அசந்திருக்கிறார்.